‘எடுத்தாலும் கொடுத்தார்!’

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், நகர மண்டபத்துக்கு அண்மையிலுள்ள சிறு சதுக்கமொன்றில், 1980ஆம் ஆண்டு இரண்டு வெண்கலச் சிலைகள் நிறுவப்பட்டன. ஒன்று நிற்கின்ற சிலை; மற்றது வாங்கில் அமர்ந்திருக்கின்ற சிலை. இரண்டும் ஒரே மனிதருடையவை. ஜேம்ஸ் மைக்கல் கேர்லி என்னும் அம்மனிதர் நான்கு முறை அந்நகரின் மேயராக இருந்தவர். ஒரு முறை மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். இரண்டு முறை சிறை சென்றவர். சிறை சென்ற இரு முறையும் மக்களின் போராட்டம் எதற்காகவும் அவர் செல்லவில்லை. மோசடிக் குற்றத்துக்காகவே சென்றார்.

மோசடிக்காகச் சிறை சென்ற ஒருவருக்கு ஒரு நகரம் சிலை வைப்பது ஏன்? அதுவும் ஒன்றுக்கு இரண்டாக வைப்பது ஏன்?

இவ்வினாவுக்குப் பொஸ்டன் நகரத்து ஏழை எளியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த விடை ஒன்றுண்டு: “எடுத்தார்தான்; ஆனால் எங்களுக்குக் கொடுத்தார்.” இது பொஸ்டனுக்கு மட்டும் உரிய வாதமன்று. தேர்தல் நடக்கும் எந்த நகரத்திலும், தேநீர்க்கடை வாங்குகளிலே காதில் விழுகின்ற வாதந்தான். படித்தவர்கள் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பார்கள். பாமர மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவார்கள். நாம் அவ்வாறு ஒதுக்க மாட்டோம். ஏழை மக்கள் பல்லாண்டு காலம் நம்புகின்ற எதற்கும் அவர்களுடைய வாழ்க்கையிலே ஒரு காரணம் இருக்கும். அக்காரணத்தைக் காணாமல் அந்த நம்பிக்கையை எதிர்ப்பது அறிவுடைமையாகாது. ஆனால், காரணத்தைக் கண்டபின்னும் அந்த நம்பிக்கையைப் போற்றிக்கொண்டிருப்பது அதனினும் பெரிய தவறு. ‘எடுத்தாலும் கொடுத்தார்’ என்னும் இத்தத்துவம் ஏழைகளின் வாயிலிருந்து வந்தாலும் ஏழைகளின் தத்துவமன்று என்பதே நமது கட்சி.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, பட்டினிக்குத் தப்பிக் கப்பலேறிய ஐரிஷ் மக்கள் ஆயிரமாயிரமாகப் பொஸ்டனில் வந்திறங்கினர். அந்நகரை அப்பொழுது ஆண்டவர்கள் பழைய புரொட்டஸ்தாந்து வணிகக் குடும்பத்தினர். கப்பலும் பஞ்சாலையும் வங்கியும் பல்கலைக்கழகமும் அவர்கள் கையில் இருந்தன. கத்தோலிக்கரான ஐரிஷ்காரருக்கு அவர்கள் வைத்திருந்த இடம் அடுப்படியும் குதிரைலாயமும் மண்வெட்டுமே. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களிலே ‘ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை’ என்று அச்சிடப்பட்ட காலம் அது. எனினும் அந்த மக்களிடம் ஒரு பொருள் இருந்தது, அதுவே வாக்கு. அவ்வாக்கின் பலத்தால் 1885ஆம் ஆண்டு முதலாவது ஐரிஷ் குடியேறி மேயர் பதவியில் அமர்ந்தார். அதே ஆண்டில் மாநிலச் சட்டசபை பொஸ்டன் நகரப் பொலிசாரை மேயரின் அதிகாரத்திலிருந்து பிரித்து ஆளுநரின் கையில் ஒப்படைத்தது. வாக்கினால் இழந்ததைச் சட்டத்தினால் மீட்டுக்கொள்ளும் கலையில் ஆளும் வர்க்கம் என்றுமே தேர்ச்சி பெற்றதுதான்.

இந்தச் சூழலிலே, 1874ஆம் ஆண்டு, ரொக்ஸ்பரி என்னும் ஏழை வட்டாரத்தில் கேர்லி பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. பாரமான கல்லொன்றைத் தூக்கிய வேளையில் ஏற்பட்ட கேட்டினால் அவர் இறந்தபோது மகனுக்கு வயது பத்து. தாய் பிறருடைய தளங்களை முழந்தாளிட்டுத் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். இந்தச் சிறுவனின் நெஞ்சில் பணக்காரர் மேல் மூண்ட கோபம் பொய்க்கோபமன்று. அது நேர்மையான கோபம். அக்கோபத்தை அவர் பிற்காலத்தில் எவ்வாறு செலவிட்டார் என்பதே நமது விசாரணைக்குரியது.

அவருடைய முதலாவது வழக்கைப் பார்ப்போம். 1902ஆம் ஆண்டின் இறுதியில், தபாற்காரர் உத்தியோகத்துக்கான அரசாங்கப் பரீட்சைக்குத் தமது வட்டாரத்து ஆள் ஒருவரின் பெயரிலே கேர்லி தாமே சென்று உட்கார்ந்தார். அகப்பட்டார். தண்டனை பெற்றார். மேன்முறையீடுகளெல்லாம் தோற்றபின் 1904இல் இரண்டு மாத காலம் சாள்ஸ் வீதிச் சிறையில் இருந்தார். சிறைக்குள் இருந்தபடியே நகரசபைத் தேர்தலிலும் வென்றார்! ‘ஒரு நண்பனுக்காகச் செய்தார்’ என்பதே அவருடைய ஆதரவாளர் எழுப்பிய கோஷம். பணக்காரன் மகன் தந்தையின் ஒரு கடிதத்தோடு வங்கியில் வேலைக்கமர்கிறான். எழுத்தறிவு குறைந்த ஏழைக்காக ஒருவர் பரீட்சை எழுதியது மட்டும் குற்றமா என்று மக்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொரு கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. அந்தச் சூழ்ச்சி பலித்திருந்தால் அந்த உத்தியோகத்தை இழந்திருக்கக் கூடியவன் யார்? வங்கி முதலாளியின் மகனா? அவன் தபாற்பை சுமக்கும் வேலைக்குப் பரீட்சை எழுத வரமாட்டான். இரவிலே விளக்கு வைத்துப் படித்து, எவருடைய சிபாரிசும் இன்றித் தன் சொந்தக் கையால் எழுதிய இன்னொரு கூலிக்காரன் மகனே இழந்திருப்பான். பரீட்சை என்பது குறைபாடுகள் உள்ள வழிதான். ஆயினும் ஏழை ஒருவன் எவருடைய வாசற்படியிலும் நிற்காமல் உத்தியோகம் பெறக்கூடிய ஒரேயொரு வழி அந்நாளில் அதுவே. கேர்லி அடைக்க முற்பட்டது அந்த வழியைத்தான். நண்பனுக்குச் செய்த உபகாரம் முகந்தெரியாத இன்னொரு ஏழைக்குச் செய்யப்படும் துரோகம். நண்பனின் முகம் கண்ணுக்குத் தெரிகிறது, மற்றவனின் முகம் தெரிவதில்லை, அவ்வளவே.

கேர்லி ரொக்ஸ்பரியிலே ஒரு சங்கம் அமைத்தார். நியூயோர்க் நகரத்தைத் தன் உள்ளங்கையில் வைத்திருந்த ‘டமனி’ அமைப்பின் பெயரையே அதற்கும் வைத்தார். வேலை இல்லாதவனும், குளிர் காலத்திலே நிலக்கரி இல்லாதவளும், மகன் பொலிசில் அகப்பட்ட தாயும் அங்கே வந்து முறையிட்டார்கள், உதவியும் பெற்றார்கள். அவர் மேயரான பின்னர் நகர மண்டபத்திலே நாள்தோறும் மனுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரையும் அவர் தாமே கண்டு பேசினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் வியப்புடன் கூறுவர். அதே நகரத்தின் மேற்குமுனை வட்டாரத்தில் நீண்டகாலம் கோலோச்சிய மார்ட்டின் லொமாஸ்னி என்னும் மற்றொரு தலைவர் இந்த அரசியலின் தத்துவத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: ஏழைக்கு வேண்டியது சட்டமும் நீதியுமன்று, உதவியே, அவ்வுதவியைக் கேட்டுச் செல்வதற்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எவ்வளவு இரக்கமான பேச்சு! ஆயினும் அதை ஊன்றிப் பார்த்தால் அதனுள்ளே இருக்கும் விலங்கு தெரியும். சட்டமும் நீதியும் கேட்பவன் நிமிர்ந்து நின்று கேட்கலாம். கிடைக்காவிடில் நாலுபேரைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் கேட்கலாம். உதவி கேட்பவனோ தனியே வர வேண்டும். தலைகுனிந்து வர வேண்டும். தேர்தல் நாளன்று நன்றி செலுத்தவும் வர வேண்டும். வரிசையில் தனக்கு முன்னே நிற்பவன் அவனுக்குத் தோழனல்லன், போட்டியாளன். உதவி செய்யும் தலைவருக்கு அந்த வரிசை அவசியம். அது குறைந்து போனால் அவருடைய பலமும் குறைந்து போகும். ஏழைகளை நேசிக்கின்ற இத்தகைய தலைவர்களின் நேசத்திலே ஏழ்மை ஒழிய வேண்டும் என்ற ஆசைக்கு இடமில்லாமற் போவதன் காரணம் இதுவே.

நாம் ஒரு பக்கமாகப் பேசுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேர்லி செய்த நற்காரியங்களை மறைக்க நாம் விரும்பவில்லை. நகர ஆஸ்பத்திரியை விரிவாக்கினார். தொழிலாளர் குடியிருந்த தென் பொஸ்டன் கரையோரத்திலே நீராடு மண்டபமும் கடற்கரைகளும் அமைத்தார். விளையாட்டு மைதானங்களும் வீதிகளும் அவர் காலத்திலே எழுந்தன. நகர மண்டபத்தின் தளங்களை முழந்தாளிட்டுத் துடைத்த பெண்களுக்கு நீண்ட காம்பு பொருத்திய துடைப்பங்களை வாங்கிக் கொடுக்கும்படி அவர் ஆணையிட்ட கதை இன்றும் சொல்லப்படுகிறது. இனி எந்தப் பெண்ணும் நின்றுகொண்டே துடைக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த நீண்ட காம்பை நாம் எள்ளி நகையாட மாட்டோம். முழந்தாள் தேய்ந்தவளுக்கே அதன் அருமை தெரியும். தன் தாயை மறவாத ஒரு மகனின் செயல் அது.

அதை எள்ளி நகையாடும் அருகதை, அவருடைய எதிரிகளான கனவான்களுக்குச் சற்றும் இல்லை. ஆற்றுக்கு அப்பால் ஹாவார்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய குடும்பங்களின் அறிவாலயம் அது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே என்ன நடந்தது? தளம் துடைக்கும் பெண்களுக்கு அப்பல்கலைக்கழகம் மணிக்கு 35 சதம் கொடுத்து வந்தது. மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி ஆணைக்குழு 37 சதம் கொடுக்க வேண்டும் என்றது. இரண்டு சதம்! அந்த இரண்டு சதத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக, உலகத்தின் மிகச் செல்வம் படைத்த அப்பல்கலைக்கழகம் ஏறத்தாழ இருபது பெண்களை வேலையிலிருந்து நீக்கியது. பின்னர் பழைய மாணவர் சிலர் வெட்கமுற்றுத் தம்முள் பணம் திரட்டி அப்பெண்களுக்குக் கொடுத்தனர். இதற்காக எவரும் சிறை செல்லவில்லை. எவர் பெயரும் களங்கப்படவில்லை. ஏழையின் பெயரிலே திருடிய மேயர் குற்றவாளி. ஏழையிடமே திருடிய கனவான்கள் நல்லாட்சிச் சங்கத்தின் உறுப்பினர். கேர்லியை மக்கள் ஏன் கைவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் தேவையில்லை. அவரைக் குற்றஞ்சாட்டியவர்களை மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆயினும் எதிரி கெட்டவன் என்பதனால் மட்டும் ஒருவர் நல்லவராகி விடுவதில்லை. கொடுத்த கணக்கைப் பார்த்த நாம் எடுத்த கணக்கையும் பார்க்க வேண்டும்.

மேயராகி ஓராண்டு கழிந்ததும், 1915இல், நகரத்தின் மிகச் சிறந்த சாலையொன்றின் ஓரத்தில் கேர்லி ஒரு மாளிகை கட்டினார். யன்னற் கதவுகளிலே அயர்லாந்தின் சின்னமான மூவிலைப் புல் செதுக்கப்பட்டிருந்தது. உள்ளே விலையுயர்ந்த மரவேலை. மேயரின் சம்பளத்திலே இது எப்படி எழுந்தது என்று நகரத்தின் நிதி ஆணைக்குழு விசாரித்தது. திருப்தியான விடை கிடைக்கவில்லை. கொந்தராத்துக்கள் யாருக்குப் போயின, எப்படிப் போயின என்பதைப் பற்றிய முறைப்பாடுகள் அவருடைய ஒவ்வொரு ஆட்சிக்காலத்திலும் எழுந்தன. அவற்றுள் ஒன்று நீதிமன்றத்தில் நிரூபணமாயிற்று. நகரத்துக்கு எதிராக ஒரு கம்பனி கொண்டுவந்த நட்டஈட்டுக் கோரிக்கையைத் தீர்த்துவைத்ததில் மேயர் தாமே பணம் பெற்றார் என்று 1938இல் தீர்ப்பாயிற்று. 42,000 டொலருக்கும் மேற்பட்ட தொகையை நகரத்துக்குத் திருப்பிச் செலுத்தும்படி அவர் கட்டளையிடப்பட்டார். அந்தக் கடனைத் தீர்ப்பதற்குத் தமது சிறு சேமிப்பிலிருந்து பணம் கொண்டுவந்து கொடுத்த எளிய மக்களும் இருந்தார்கள்! தங்கள் நகரத்தின் பணத்தை எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தாங்களே மீண்டும் பணம் கொடுத்தார்கள். இதில் எடுத்தவர் யார்? கொடுத்தவர் யார்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பொஸ்டன் நகரசபையின் வருமானம் பெரும்பாலும் சோலைவரியிலிருந்தே வந்தது. நகர மத்தியிலிருந்த கடைகள், காரியாலயங்கள் ஆகியவற்றின் மதிப்பை உயர்த்தி வரி விதிப்பது கேர்லி காலத்தின் வழக்கம். முதலாளிகளிடம் வாங்கி ஏழைகளுக்குச் செலவிடுவதுதானே, நல்லதன்றோ என்று நமது வாசகர் கேட்கலாம். அப்படியே நடந்திருந்தால் நல்லதுதான். ஆனால் விதித்த வரியைக் குறைத்துக் கொள்வதற்கும் ஒரு வழி இருந்தது. நகர மண்டபத்திலே செல்வாக்குள்ள சட்டத்தரணியை அமர்த்திக்கொண்டால் வரிக்கழிவு கிடைக்கும். அதன் ஒரு பங்கு போக வேண்டிய இடங்களுக்குப் போகும். பெரிய ஆதனத்தின் சொந்தக்காரர் இந்த வழியைக் கண்டுகொண்டார். வழியறியாத சிறு கடைக்காரரும், வரியை வீட்டு வாடகையிலே சுமக்க நேர்ந்த தொழிலாளியுமே முழுத்தொகையையும் செலுத்தினர். பணக்காரர்மீது மேடையிலே இடி முழங்கியது. காரியாலயத்திலே மழை பெய்தது. வர்க்கப் பகைமையைப் பேசி வர்க்க சமரசத்தை விலைக்கு விற்ற வியாபாரம் இது.

மற்றொரு வழக்கு. இரண்டாவது உலகமகா யுத்தகாலத்தில், சிறு உற்பத்தியாளர்களுக்கு யுத்தக் கொந்தராத்துக்கள் பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் வாங்கிய கம்பனியொன்றிலே கேர்லியின் பெயர் தலைவராக இருந்தது. பணம் கொடுத்தவர்களுக்குக் கொந்தராத்துக் கிடைக்கவில்லை. தபால் மூலம் மோசடி செய்ததாக வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு நிலுவையில் இருந்தபோதே 1945 நவம்பரில் அவர் நான்காவது முறை மேயராகத் தெரிவானார். 1946 ஜனவரியில் குற்றவாளியெனத் தீர்ப்பு வந்தது. தமக்கு எதுவும் தெரியாது என்ற அவர் வாதத்தை ஜூரிகள் ஏற்கவில்லை. 1947 ஜூனில் சக்கர நாற்காலியில் நீதிமன்றம் வந்து, தமது நோய்களின் பட்டியலை முன்வைத்து இரக்கங்கோரினார். பயன்படவில்லை. ஆறு முதல் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனையோடு டான்பரி சிறைக்கு அனுப்பப்பட்டார்.

இனி நடந்ததுதான் விசித்திரம். மாநிலத்தின் குடியரசுக் கட்சி ஆளுநர், கேர்லியின் அரசியல் எதிரி, ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். மேயர் சிறையில் இருக்கும் வரை நகரசபைக் காரியதரிசியான ஜோன் ஹைன்ஸ் மேயரின் கடமைகளைப் பார்ப்பார். சிறையிலிருக்கும் மேயரின் பதவியும் சம்பளமும் நீடிக்கும்! மாநிலத்திலிருந்து கொங்கிரசுக்குத் தெரிவானோருள் மிகப் பலர், கட்சி பேதமின்றி, மன்னிப்புக் கோரும் மனுவிலே கையொப்பமிட்டனர். கையொப்பமிட மறுத்தவருள் ஒருவர் இளைஞரான ஜோன் கென்னடி. ஐந்து மாதம் கழிந்ததும் ஜனாதிபதி ட்ரூமன் தண்டனையைக் குறைத்து விடுதலை செய்தார். 1950இல் பூரண மன்னிப்பும் அளித்தார். சிறையிலிருந்து திரும்பிய கேர்லியை வாத்தியக் குழு வரவேற்றது.

தளம் துடைத்த ஏழைத் தாயின் மகன் ஒருவன், கேர்லியைப் போல் பெயரெடுக்காத ஒருவன், பசிக்காகத் திருடிச் சிறை சென்றிருந்தால் அவனுடைய கூலியை எந்தச் சட்டசபை நிறுத்தாமல் கொடுத்திருக்கும்? எந்த ஜனாதிபதி அவனை நினைத்திருப்பார்? ஆளும் கூட்டத்துக்குள்ளே ஆயிரம் பகை இருக்கலாம். கட்சி வேறு, மதம் வேறு, குலம் வேறு என்று அவர்கள் மேடையிலே முட்டிக்கொள்ளலாம். ஆனால் அவர்களில் ஒருவருக்குச் சிறைக்கதவு திறக்கும்போது மற்றவர்கள் தமக்கும் ஒருநாள் அது திறக்கக்கூடும் என்பதை நினைவுகூருகிறார்கள்.

கேர்லி பதவிக்கு மீண்ட முதல்நாள் மாலையிலே, ஐந்து மாதத்தில் நடக்காத வேலையைத் தாம் ஒரே நாளில் முடித்துவிட்டதாகப் பெருமை பேசினார். அவமதிக்கப்பட்ட ஹைன்ஸ் 1949இல் அவரை எதிர்த்துப் போட்டியிட்டு வென்றார். அப்பொழுதும் சுமார் 126,000 பேர் கேர்லிக்கே வாக்களித்தார்கள். ‘மோசடி மேயர்’ போய்த் ‘தூய மேயர்’ வந்தார். பத்திரிகைகள் மகிழ்ந்தன. வங்கிகள் மகிழ்ந்தன. நல்லாட்சி பிறந்துவிட்டதென்று கனவான்கள் கைகுலுக்கிக் கொண்டனர்.

அந்த நல்லாட்சி ஏழைகளுக்குக் கொடுத்த பரிசு யாது? லொமாஸ்னி ஒரு காலத்தில் ஆண்ட அதே மேற்குமுனை வட்டாரம் ‘சேரி’ என்று பிரகடனஞ் செய்யப்பட்டது. இத்தாலியரும் யூதரும் போலந்துக்காரரும் ஐரிஷ்காரருமான தொழிலாளர் குடும்பங்கள் ஒருவரோடொருவர் ஒட்டி வாழ்ந்த இடம் அது. 1958 முதல் 1960 வரையான காலத்தில் இயந்திரங்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கின. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சிதறடிக்கப்பட்டன. அவ்விடத்திலே வசதி படைத்தோருக்கான உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை. எவரும் பரீட்சையில் ஆள்மாறாட்டம் செய்யவில்லை. எல்லாப் பத்திரங்களும் முறைப்படி முத்திரையிடப்பட்டன. கேர்லி எடுத்தது பணம். தூயவர்கள் எடுத்தது வீடு.

அப்படியானால் கேர்லியே மேல் என்று சொல்லலாமா? அவசரப்படக் கூடாது. மேற்குமுனை மக்கள் தங்கள் வீடுகளைக் காப்பாற்ற ஏன் இயலாதவர்களானார்கள்? இடிப்பதற்குச் சற்று முன்னர் அவர்களிடையே சென்று வாழ்ந்து ஆராய்ந்த ஹேர்பேட் கான்ஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1962இல் வெளியிட்ட தமது நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வட்டாரத்தைக் காப்பாற்ற ஒரு குழு தோன்றியதுண்டு. ஆனால் பெரும்பாலான மக்கள் அதன் பின்னே திரளவில்லை. அரசாங்கம் என்பதை அவர்கள் ஆட்களாகவே கண்டார்கள். யாரோ ஒருவரைத் தெரிந்திருந்தால் காரியம் நடக்கும், தெரியாவிடில் நடக்காது என்று கருதினார்கள். ஐம்பது ஆண்டுக்காலம் அவர்கள் கற்ற பாடம் அது. கதவைத் தட்டினால் உதவி கிடைக்கும் என்று கற்பித்தவர்கள், சேர்ந்து நின்றால் உரிமை கிடைக்கும் என்று ஒருநாளும் கற்பிக்கவில்லை. தட்டுவதற்குரிய கதவே இல்லாமற் போன நாளில் அந்த மக்கள் நிராயுதபாணிகளாய் நின்றார்கள். பழைய தலைவர்கள் ஏழைகளிடமிருந்து எடுத்தவற்றுள் மிகப் பெரியது பணமன்று. சேர்ந்து நிற்கும் பழக்கத்தையே எடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கும்படி எந்த நீதிமன்றமும் கட்டளையிடவில்லை.

‘வேறு வழி என்ன இருந்தது? நகரசபை அரசியலென்றால் இப்படித்தான்’ என்று நடைமுறை பேசுவோர் நம்மிடம் கூறக்கூடும். வேறு வழி இருந்தது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. கேர்லி இரண்டாவது முறை மேயராவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே, பொப்ளர் என்னும் ஏழைத் துறைமுக வட்டாரத்தின் சபை உறுப்பினர்களும் சிறை சென்றார்கள்.

பொப்ளரிலே வேலையின்மை தலைவிரித்தாடியது. ஆதரவற்றோரைத் தாங்கும் செலவு முழுவதையும் அந்தந்த வட்டாரமே தாங்க வேண்டும் என்பது அக்காலச் சட்டம். ஏழைகள் நிறைந்த வட்டாரத்திலே செலவு அதிகம். சோலைவரியால் வருவது சொற்பம். செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரிலோ செலவு சொற்பம்; வருமானம் பன்மடங்கு. இந்த அநீதியை எதிர்த்து, லண்டன் மாவட்ட சபைக்கும் பொலிசாருக்கும் கட்ட வேண்டிய பங்கை அறவிட மாட்டோம் என்று 1921இல் பொப்ளர் சபை தீர்மானித்தது. ஜோர்ஜ் லான்ஸ்பரி முதலிய உறுப்பினர்கள் மக்கள் புடைசூழ ஊர்வலமாக நீதிமன்றம் சென்றார்கள். முப்பது பேர் சிறையிடப்பட்டனர். அவருள் பெண்களும் இருந்தனர், ஒருவர் கர்ப்பவதி. சிறைக்குள்ளேயே சபைக் கூட்டம் நடந்தது. பெண் உறுப்பினர்கள் ஹொலவே சிறையிலிருந்து பிரிக்ஸ்டன் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆறு வாரத்தில் அரசாங்கம் பணிந்தது. ஏழைகளைத் தாங்கும் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்து கொள்ளும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. சிறையிலிருந்து மீண்ட மினி லான்ஸ்பரி என்ற பெண் உறுப்பினர் 1922ஆம் ஆண்டின் முதல்நாளில், முப்பத்திரண்டு வயதிலே காலமானார்.

இந்தச் சபைதான் தன் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியாக வாரம் நான்கு பவுண் கொடுத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. இத்தகைய தாராளம் சட்டவிரோதம் என்று 1925இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். சமதர்மப் பரோபகாரம் என்றும், பெண்ணுக்கு ஆணோடு சமகூலி கேட்கும் வீண் ஆசை என்றும் அதைக் கடிந்தனர்.

இரு நகரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கேர்லியும் சிறை சென்றார். பொப்ளர் உறுப்பினரும் சிறை சென்றனர். கேர்லியும் ஏழைகளுக்காகச் செய்தேன் என்றார். அவர்களும் அவ்வாறே சொன்னார்கள். சிறைவாசம் மட்டும் ஒருவரைத் தியாகியாக்காது, குற்றவாளியாக்கவும் செய்யாது. சட்டத்தின் தராசு இந்த இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தக்கூடும். நமது தராசு அப்படி நிறுத்தக் கூடாது. கேர்லியின் சிறைவாசத்துக்குப் பின்னும் பொஸ்டன் ஏழை ஒருவருடைய கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பொப்ளர் உறுப்பினரின் சிறைவாசத்துக்குப் பின், லண்டனின் ஏழைக்கு வந்து சேர்ந்த நிவாரணப் பணம் எவருடைய தயவுமன்று, சட்டப்படி அவனுக்குரியது. துடைப்பத்துக்கு நீண்ட காம்பு கொடுத்தவர் கேர்லி. அதைப் பிடிக்கும் கைக்குச் சமகூலி கொடுத்தவர்கள் பொப்ளர் மக்கள். முன்னையதை ஆளும் வர்க்கம் சிரித்துக்கொண்டு பொறுத்தது. பின்னையதைப் பிரபுக்கள் சபை வரை சென்று அடக்கியது. எது தனக்கு ஆபத்து என்பதை அந்த வர்க்கம் நன்கறிந்திருந்தது.

இறுதியாக, எழுதுகின்றவர்களுக்கும் வாசிக்கின்றவர்களுக்கும் ஒரு சொல். 1956இல் எட்வின் ஓ’கொனர் ‘த லாஸ்ட் ஹுரா’ என்ற நாவலை வெளியிட்டார். கேர்லியை நினைவூட்டும் ஒரு கிழ மேயரின் கடைசித் தேர்தலே அதன் கதை. 1958இல் அது திரைப்படமாயிற்று. அவ்வாண்டிலேயே கேர்லியும் இறந்தார். முதலில் அந்த நாவலால் சினங்கொண்டிருந்த கேர்லி, பின்னர் அதன் புகழில் மகிழ்ந்து, ‘மீண்டும் செய்வேன்’ என்று பொருள்படும் தலைப்பிலே தம் சுயசரிதையை 1957இல் வெளியிட்டார். வெட்கப்பட வேண்டியதெல்லாம் வீரமாகிவிட்டது. நயமான போக்கிரியை இலக்கியம் எப்பொழுதும் விரும்பும். அவனுடைய பேச்சிலே சுவை உண்டு. நடையிலே மிடுக்கு உண்டு. வரிசையிலே நிற்கின்றவளுக்கோ சுவையான வசனம் எதுவும் இல்லை. சிறு சேமிப்பை எடுத்துக்கொண்டுபோய் மேயரின் கடனுக்குக் கொடுத்த அந்தத் தொழிலாளியின் கதையை எந்த நாவல் எழுதியது? எவருடைய சிபாரிசுமின்றிப் பரீட்சை எழுத வந்தவனின் கதையை யார் எழுதினார்கள்? பொப்ளரின் கர்ப்பவதியான உறுப்பினருக்கு எந்தத் திரைப்படம் கிடைத்தது? முற்போக்கு இலக்கியம் என்பது வாயளவில் நிற்காதிருக்க வேண்டுமானால், நம் எழுத்தாளரின் கண் மேடையிலிருந்து இறங்கி வரிசையை நோக்கித் திரும்ப வேண்டும்.

நகரசபைக்கு வாக்குக் கேட்டு வருகின்ற ஒருவரிடம், அவர் எந்நகரத்தவராயினும், மக்கள் கேட்க வேண்டியவை மூன்று. நீர் தருவதாகச் சொல்வது எவருடைய பணம்? அதை நாம் உம்மிடம் கேட்டுப் பெற வேண்டுமா, கேளாமலே எமக்கு உரியதா? நீர் போன பின்னும் அது எம்மிடம் நிலைக்குமா? இம்மூன்றுக்கும் நேரான விடை சொல்லக் கூடியவர் சிறை சென்றாலும் நம்மவர். விடை சொல்லாமல் தோளிலே கைபோட்டுச் சிரிப்பவர், ஒருநாளும் சிறை செல்லாதவராயினும், நம்மிடமிருந்து எடுக்கவே வந்தவர்.